இரண்டாவது குழந்தைக்கு வந்த பரிசுகள்: ஓராண்டு புழங்கிய பின் ஒரு மதிப்பீடு

எங்கள் இரண்டாவது குழந்தை பிறந்து சென்ற மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. அவனைப் பார்க்க வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன பரிசுகளை, சிறியதும் பெரியதுமாக 27, பிறந்த வாரத்திலேயே ஒரு பழைய நோட்டில் எழுதிவைத்திருந்தேன். யாருக்கும் நன்றி சொல்ல விட்டுப்போகக் கூடாது என்பதற்காக எழுதிய பட்டியல் அது. அண்மையில் அலமாரியை ஒழித்தபோது அந்த நோட்டு அகப்பட்டது. ஒவ்வொரு பொருளும் இப்போது எங்கே இருக்கிறது என்று பெயருக்குப் பக்கத்திலேயே குறித்துப் பார்த்தேன். அன்றாடம் கையில் புழங்குபவை 9, புழங்கித் தேய்ந்து தீர்ந்தவை 5, பரணுக்குப் போனவை 6, பிரிக்காமலே வேறு வீட்டுக்குப் போனவை 7. இந்த மதிப்பீடு அந்தக் கணக்கிலிருந்து எழுதியதுதான்.

முதல் குழந்தை பிறந்த வீட்டுக்குப் பரிசு வாங்குவது எளிது. அங்கே எதுவும் இருக்காது, ஆகையால் எதைக் கொண்டுபோனாலும் பயன்படும். இரண்டாவது குழந்தை என்றதும், எல்லாம்தான் இருக்குமே என்று எண்ணுகிறார்கள், வெறுங்கையோடு வரவும் மனம் ஒப்பாமல் கடைசி நேரத்தில் கண்ணில் பட்ட சின்னஞ்சிறு சட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எல்லாம் இருக்கிறது என்பது பாதி உண்மைதான். எங்கள் வீட்டில் இருந்தவற்றில் ஒரு பங்கு மூத்தவள் கையில் கிழிந்தோ உடைந்தோ போயிருந்தது, ஒரு பங்கு இவன் பிறந்த பருவத்துக்குப் பொருந்தவில்லை, ஒரு பங்கை மூன்றரை வயதிலும் அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. போதாக்குறைக்கு, ஒரு குழந்தையை இரண்டு பெரியவர்கள் பார்த்துக்கொண்ட வீடு, ஒருவர் வெளியே போனால் மற்றவர் இரண்டு குழந்தைகளைச் சமாளிக்க வேண்டிய வீடாக மாறியிருந்தது. இவற்றில் ஏதேனும் ஒன்றை நினைவில் வைத்து வாங்கிய பரிசுகள் நிலைத்தன. மற்றவை பெரும்பாலும் பரணுக்குப் போயின.

துணிமணிகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வந்தவற்றில் 11 பொருள்கள் உடைகள். அவற்றில் எட்டு, பச்சிளம் குழந்தைக்கான மிகச் சிறிய அளவு. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தையின் எடை ஏறத்தாழ ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப்போல் இரண்டு மடங்காகவும், ஓராண்டில் மூன்று மடங்காகவும் ஆகிவிடும். எட்டுச் சட்டைகளையும் முறைவைத்துப் போட்டாலும் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று முறைக்கு மேல் உடம்பில் ஏறவில்லை. அந்த அளவில் மூத்தவளுடைய சட்டைகளும் புதுமெருகு குலையாமல் ஒரு பெட்டி நிறைய இருந்தன, காரணம் அவளும் அவற்றை அதிகம் போட்டிருக்கவில்லை. நல்ல பரிசாக அமைந்தவை, ஒருவர் யோசித்து வாங்கியிருந்த ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்கான மூன்று உடைகள். மூத்தவள் வெயில் காலத்தில் பிறந்தவள், இவன் குளிர்காலத்தில் பிறந்தவன். அந்த வயதில் அவள் போட்ட உடைகள் அனைத்தும் இவனுக்குத் தவறான பருவத்தில் வந்து நின்றன. பிறந்த மாதத்தோடு பத்து மாதத்தைக் கூட்டி, அப்போது குளிரா வெயிலா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்து வாங்கியவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

உடையின் வாய் எப்படித் திறக்கிறது என்பது கடையில் யார் கண்ணிலும் படாத விஷயம். கழுத்திலிருந்து கால்வரை அழுத்துப் பொத்தான் வைத்த முழு உடைகள் இரண்டு வந்தன. பார்க்க வெகு அழகு. நள்ளிரவு மூன்று மணிக்கு, மூத்தவள் அதே அறையில் தூங்கிக்கொண்டிருக்க, விளக்கைப் போடாமல் டயப்பர் மாற்றிவிட்டுப் பதினான்கு பொத்தான்களைத் தடவித் தடவி ‘டக், டக்’ என்று போட்டு, கடைசியில் ஒரு பொத்தான் மிஞ்சுவதைக் கண்டு எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போடும்போது அந்த அழகு நினைவுக்கு வருவதில்லை. மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கக்கூடிய இரட்டை ஜிப் வைத்த உடை ஒன்றே ஒன்று வந்தது. காலிலிருந்து இடுப்புவரை மட்டும் திறந்தால் போதும், மார்பில் குளிர் ஏறாது, சத்தமும் குறைவு. உட்பக்கம் ஜிப்பை ஒட்டித் துணிப்பட்டை ஓடுகிறதா என்றும், தாடைக்குக் கீழே ஜிப்பின் தலையை மூடச் சிறு மடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்து வாங்க வேண்டும். எங்களுக்கு வந்ததில் இரண்டும் இருந்தன. துவைத்துக் காயவைத்து மறுநாளே போட்டு, அது பிய்ந்துபோகும்வரை விடவில்லை.

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த பரிசு, பார்வைக்கு மிகச் சாதாரணமானது: பக்கத்துக்கு 120 சென்டிமீட்டர் வரும் நான்கு மஸ்லின் துணிகள். மூத்தவளுக்கு வாங்கியவை எங்களிடம் இருந்தன என்று சொல்ல முடியாது. அவை நாளடைவில் தரை துடைக்கும் துணியாகிவிட்டிருந்தன. இழை நெருக்கமில்லாத பருத்தி நெசவு என்பதால் காற்று உள்ளே போய்வரும், சீக்கிரம் காயும், துவைக்கத் துவைக்க மென்மை கூடும். ஏப்பத்துக்குத் தோளில் சாய்த்தபோது எதுக்களித்த பாலைத் துடைக்க, வெளியிடத்தில் பாலூட்டும்போது மறைப்பாகப் போட்டுக்கொள்ள, மருத்துவமனை மேசைமேல் விரிக்க, குளித்த தலையைத் துவட்ட என்று அந்த நான்கும் ஓய்ந்து கிடந்த நாளே இல்லை. மூத்தவள் அவற்றில் ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு மேல் கூடாரம் போட்டாள். ஆகவே புழக்கத்தில் மூன்றுதான். குறை என்று சொன்னால், முதல் இரண்டு துவையல்களில் பஞ்சு உதிர்ந்து மற்றத் துணிகளில் ஒட்டியது, ஓரத் தையல் ஒன்றில் பிரிந்தது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. குழந்தையைச் சுற்றிக் கட்டித் தூங்கவைக்க இதைப் பயன்படுத்துபவர்கள், குப்புறக் கவிழ முயலும் அறிகுறி தென்பட்ட அன்றே அதை நிறுத்திவிட வேண்டும். கைகள் கட்டுண்ட நிலையில் குப்புற விழுந்த குழந்தையால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது.

படுக்கை விரிப்புத் தொகுப்பு ஒன்று வந்தது. தலையணை, பஞ்சு அடைத்த போர்வை, தொட்டிலின் உட்சுவரைச் சுற்றிக் கட்டும் மெத்தை, ஒரு கரடி பொம்மை எல்லாம் ஒரே நிறத்தில், கண்ணைப் பறிக்கும் பெட்டியில் இருந்தன. கொடுத்தவரின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை; ஆனால் அந்தப் பெட்டியில் குழந்தை தூங்கும் இடத்தில் வைக்கத் தக்க பொருள் ஒன்றுகூட இல்லை. குழந்தை மல்லாந்த நிலையில், உறுதியான சமதள மெத்தையில், தலையணையோ தளர்ந்த போர்வையோ பொம்மையோ இல்லாமல் படுக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் அறிவுரை. தொட்டில் சுற்று மெத்தைகளின் விற்பனையை அமெரிக்கா 2022இல் சட்டம் இயற்றியே தடைசெய்தது. மூச்சுமுட்டும் அபாயமே காரணம். மூத்தவளின் காலத்தில் விவரம் தெரியாமல் அப்படியொரு சுற்று மெத்தையை நாங்கள் கட்டியிருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு திடுக்கிடுகிறது. தலையணையும் போர்வையும் மூத்தவளின் பொம்மைக்குப் படுக்கையாயின. சுற்று மெத்தையை யாருக்கும் கொடுக்க மனம் வராமல் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டோம்.

அதே இடத்தை நிரப்பத் தகுந்த பரிசு, குழந்தை உடுத்திக்கொள்ளும் தூக்கப் பை. கை வெளியே இருக்கும், கால்கள் பைக்குள் தாராளமாக உதைத்துக்கொள்ளும், முகத்தின்மேல் ஏற வழியில்லை. பை எவ்வளவு கதகதப்புத் தரும் என்பதை டாக் என்ற அளவால் குறிக்கிறார்கள், 0.5 வெக்கையான அறைக்கு, 2.5 குளிர்ந்த அறைக்கு. வாங்குமுன் அந்த வீட்டில் அறை எவ்வளவு குளிரும் என்று தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்களுக்கு வந்த இரண்டாவது பையைப்போல் அது அலமாரியிலேயே தூங்கும். கனத்துக்காக உள்ளே மணிகள் வைத்துத் தைத்த பைகளும் விற்கப்படுகின்றன. அவற்றைக் கழகம் பரிந்துரைப்பதில்லை, நானும் வாங்க மாட்டேன்.

இனி மூத்தவளின் கதை. பரிசு கொண்டுவருபவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் பையின் கனத்தைக் கண்ணால் அளந்துவிடுவாள். முதல் வாரத்தில் ஐந்து பேர் வந்துபோன பிறகு, ஆறாவதாக வந்த என் தோழியிடம், “இதுவும் தம்பிக்குத்தானா?” என்று கேட்டாள். குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. விவரம் சேகரிப்பவளின் குரல். தோழி கைப்பையிலிருந்து தனியே ஒரு பொட்டலத்தை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, தம்பிக்கு வாங்கியதைப் பிரித்துக் காட்டும் வேலையையும் அவளிடமே ஒப்படைத்தார். ஓராண்டுக்குப் பிறகு திரும்பிப் பார்க்கும்போது, வந்த 27 பரிசுகளில் மூத்தவளை நினைத்து வந்தவை நான்கு மட்டுமே என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. நிலைமை தலைகீழாக மாறிப்போனது அவளுக்குத்தான்; பிறந்தவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை.

அந்த நான்கில் இரண்டு தோற்றன. ‘நான் அக்கா’ என்று மார்பில் அச்சிட்ட சட்டையை ஒருமுறை போட்டாள். மறுமுறை எடுத்தபோது, இதில் என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டுவிட்டு மடித்து வைத்துவிட்டாள். அவளை அக்காவாக மட்டும் பார்க்கிற பொருளை அவள் விரும்பவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். மற்றது மிகச் சிறு துண்டுகளைக் கோத்துக் கட்டும் விளையாட்டுப் பெட்டி. அவளுக்குப் பிடித்தமானதுதான், வயதுக்கும் ஏற்றதுதான். ஆனால் எட்டாவது மாதத்தில் தம்பி தவழத் தொடங்கியதும் தரையில் கிடந்த ஒவ்வொரு துண்டும் நேரே அவன் வாய்க்குப் போகும் பொருளாயிற்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்குமா என்று சோதிக்க, பொம்மைப் பாதுகாப்புத் தரங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்; அதற்குள் முழுவதுமாக அடங்கும் எந்தத் துண்டும் ஆகாது. எங்கள் பெட்டியில் அடங்காத துண்டைத் தேடினால் அரிது. அதை மேசைக்கு மேல், அவன் தூங்கும்போது மட்டும் என்று வரையறுத்தோம், அந்த வரையறையால் தினமும் ஒரு சண்டை நடக்கிறது. மூத்த குழந்தைக்கு வாங்குபவர்கள் அவள் வயதை மட்டும் பார்க்காமல், அதே தரையில் இன்னும் சில மாதங்களில் தவழப்போகிறவனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வென்ற இரண்டில் ஒன்று, தோழி கொடுத்த அந்தப் பொட்டலம்: தோளில் மாட்டும் சிறு துணிப்பை, அதற்குள் தடித்த வண்ணக் குச்சிகள், ஒட்டுப்படத் தாள்கள், ஒரு படக்கதைப் புத்தகம். கூடவே ஒரு நிபந்தனை. நான் தம்பிக்குப் பால் கொடுக்க உட்காரும்போது மட்டும்தான் அந்தப் பை திறக்கும். இரண்டு குழந்தை உள்ள வீட்டில் மிகக் கடினமான அரைமணி அதுதான். அம்மாவின் மடி நிரம்பியிருக்கும், எழுந்திருக்கவும் முடியாது, மூத்ததற்கு அப்போதுதான் தண்ணீரும் வேண்டும், கழிப்பறையும் வேண்டும், மடியும் வேண்டும். பை வந்தபின் அவளே நேரம் பார்த்து, “தம்பிக்குப் பசிக்கலையா?” என்று விசாரிக்கத் தொடங்கினாள். ஒட்டுப்படம் தீர்ந்துபோவது மட்டுமே குறை, நானே இரண்டு முறை வாங்கி நிரப்பினேன். மற்றொன்று கறுப்பு வெள்ளைப் பட அட்டைகள். உண்மையில் அவை கைக்குழந்தைக்கானவை. பிறந்த புதிதில் குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதே ஓரளவு தெளிவாகத் தெரியும், அதிலும் நிற வேறுபாடு அழுத்தமாக இருந்தால் கண் நிலைக்கும். கொடுத்தவர் அவற்றை மூத்தவள் கையில் கொடுத்து, எவ்வளவு கிட்டத்தில் பிடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு அளவுகோலையும் கொடுத்தார். அளவுகோலை வைத்து அளந்து அளந்து அவள் அட்டை காட்டிய நாள்களில் அவன் அட்டையைவிட அவள் முகத்தையே அதிகம் பார்த்தான்.

ஒலி எழுப்பும் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூங்கவைக்கும் இரைச்சல் கருவி ஒன்று வந்தது, நன்றாகவே வேலை செய்தது, மூத்தவளின் ஆரவாரத்தையும் மறைத்தது. ஆனால் இத்தகைய 14 கருவிகளைக் கனடா ஆய்வாளர்கள் சோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், முழு ஒலியில் 30 சென்டிமீட்டர் தூரத்தில் மூன்று கருவிகள் 85 டெசிபெலைத் தாண்டின. தொட்டிலில் மாட்டாமல் அறையின் எதிர்க்கோடியில், குறைந்த ஒலியில் வைப்பதே முறை. பாட்டுப் பாடும் பொம்மை ஒன்றைத் திருகாணி இல்லாத பேட்டரி மூடிக்காகவே பரணேற்றினேன். உள்ளே இருந்தது பொத்தான் வடிவ பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

பெரிய பொருள்களில் மனதில் நிற்பது, நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாங்கித் தந்த நிற்கும் பலகை. குழந்தைத் தள்ளுவண்டியின் பின்னால் பூட்டிக்கொண்டால் மூத்த குழந்தை அதன்மேல் நின்றபடி வரலாம். எங்களுடையது 20 கிலோ வரை தாங்கும். இரட்டை வண்டி வாங்கும் தேவையையே அது ஒழித்தது. பலவீனம் தள்ளுபவருக்குத்தான்: நடையைக் குறுக்காவிட்டால் முன்னங்கால் எலும்பு பலகையில் இடிக்கும், என் கணவருக்கு இன்றும் இடிக்கிறது. எல்லா வண்டியிலும் அது பொருந்தாது என்பதால், வாங்குமுன் எங்கள் வண்டியின் பின்சட்டத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். வியப்பை உண்டாக்குவதைவிட இப்படிக் கேட்டு வாங்குவதையே நான் விரும்புவேன். உடம்போடு கட்டிக்கொள்ளும் சுமைப்பையும் இரு கைகளை விடுவிக்கும் நல்ல பரிசுதான். குழந்தையின் முகம் மறையாமலும் தாடை மார்பில் அழுந்தாமலும் இருக்கிறதா என்று பார்த்துக் கட்ட வேண்டும், தூக்குபவரே போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அதைவிட நல்லது. ஒருவர் தம் பிள்ளை பயன்படுத்திய கார் இருக்கையைக் கொண்டுவந்தார். அதன் அடியில் பொறித்திருந்த காலாவதி ஆண்டு எப்போதோ கடந்திருந்தது. விபத்தைச் சந்தித்ததா என்று உறுதியாகத் தெரியாத இருக்கையை யாரும் யாருக்கும் பரிசாகக் கொடுக்கக் கூடாது என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

டயப்பர் கட்டுகளைப் பரிசென்று சொல்லச் சிலர் கூசுகிறார்கள். தேவையில்லை. முதல் வாரங்களில் நாளொன்றுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தேவைப்படும், ஒன்றுகூட வீணாகாது. மிகச் சிறிய அளவை விட்டு அடுத்த அளவாக வாங்குவது மட்டும் உசிதம்.

பொருளல்லாத பரிசு ஒன்றும் பட்டியலில் உண்டு. என் நாத்தனார் ஒரு தாளில் பத்துக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சனிக்கிழமையின் தேதியை எழுதி, அன்று காலை இரண்டு மணி நேரம் மூத்தவளைத் தாம் வெளியே அழைத்துப் போவதாகக் குறித்துக் கொடுத்தார். “எப்ப வேணும்னாலும் கூப்பிடு, ஓடி வந்துடறேன்” என்று சொன்னவர்கள் ஏழெட்டுப் பேர்; ஒருவரையும் நான் கூப்பிடவில்லை, கூப்பிடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது. தேதி எழுதிய தாள் என்னைக் கேட்கவில்லை. சனிக்கிழமை வந்ததும் அவர் வாசலில் வந்து நின்றார். பத்தில் ஒன்பது கட்டங்கள் அடிக்கப்பட்டுவிட்டன. பத்தாவதை மூத்தவள் தன் அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள்.

அடுத்த மாதம் என் அலுவலகத் தோழி ஒருவருக்கு இரண்டாவது குழந்தை பிறக்கவிருக்கிறது. என்ன வேண்டும் என்று கேட்டேன், எதுவும் வேண்டாம், எல்லாம் இருக்கிறது என்றார். மூத்தவனுடையதில் எதெல்லாம் பிய்ந்து போயிற்று என்று மாற்றிக் கேட்டேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, மடக்கும் குளியல் தொட்டியின் அடைப்பான் தொலைந்துபோனது, துவாலைகள் நூலாகிவிட்டன, தூக்கப் பையின் ஜிப் பல் விழுந்துவிட்டது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். துவாலையும் தூக்கப் பையும் வாங்கிவிட்டேன். மூத்தவனுக்கு என்ன பிடிக்கும் என்று அவனிடமே கேட்க, வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.